பெஞ்சில் முட்டையிட்ட தட்டான்

நீதான் பூட்டினே. வேற எவன்? ரெண்டு தடவ ஊதலை ஊதிட்டு, உள்ளே ஆள் இருக்குதா இல்லையான்னு ஒரு எட்டு நடந்து பாக்கறதுக்கு உன்ற காலுக்கு வலிச்சுப் போச்சு. சங்கிலியைச் சுத்தி, பூட்டை மாட்டி, சாவியை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டு நீ பாட்டுக்குப் போயிட்டே. இப்ப எந்தக் கடையில நின்னு பஜ்ஜி தின்னுட்டிருக்கறயோ. சென்னியப்பன் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு கையாலும் கேட்டுக் கம்பியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். சங்கிலி கலகலவென்று சிரித்துவிட்டு அடங்கியது. புதுக் கேட்டு. குளத்தை அழகுபடுத்துகிறோம் என்று நடைபாதை போட்டு, வரிசையாய்க் கருங்கல் பெஞ்சு வைத்து, சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேலே வேல்முனை வைத்த இரும்பு வேலி அடித்திருந்தார்கள். காலையில் ஒன்பது வரைக்கும் நடக்கலாம். அப்புறம் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பு. பழைய வாட்ச்மேனாக இருந்தால் இவர் எந்த மூலையில் குனிந்து கிடப்பார் என்று தெரியும், "ஏனுங்க தட்டான்காரரே, பூட்டப் போறனுங்க" என்று பக்கத்தில் வந்து சொல்லிவிட்டுப் போவான். இவன் புதுசு. நீலச் சட்டை, ஊதல், அதற்கு மேல் இவர் பார்க்கவில்லை. முகம் தெரியாத ஒருத்தனை எப்படித் திட்டுவது? கையில் இருந்த போன் செத்துக் கிடந்தது. காலையிலிருந்து எடுத்த போட்டோவெல்லாம் சேர்ந்து சார்ஜைக் குடித்துவிட்டது. வீட்டில் பெண்டாட்டி சுலோச்சனா குளித்து, சேலை மாற்றி, ஸ்கேன் பைலை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி. மார்பில் ஊசி போட்டு எடுத்த சதைக்கு இன்றைக்கு ரிசல்ட்டு. கூட வருகிறேன் என்று சொன்னவர் இவர். ஒம்போதுக்கெல்லாம் வந்துருவேன் புள்ள, நீ சீலையைக் கட்டிட்டு இரு என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னவரும் இவர்தான்.

எல்லாம் அந்தச் சனியன் பிடித்த தட்டானால் வந்தது. இல்லை, தட்டான் என்ன செய்யும், அந்தப் பெஞ்சால் வந்தது. மஞ்சளும் தவிட்டு நிறமுமாய் ஒரு பெட்டைத் தட்டான். குளத்தில் அத்தனை தண்ணீர் கிடக்கிறது, ஆகாயத்தாமரை இல்லாத இடமாய்ப் பார்த்து எங்கே வேண்டுமானாலும் முட்டையிடலாம், இது கருங்கல் பெஞ்சுக்கு வந்து வாலை வளைத்துத் தட்டுகிறது. தட்டு, எழும்பு, தட்டு, எழும்பு. கல்லுக்குப் போட்ட பாலீசில் வானம் தெரிகிறது, மேகம் தெரிகிறது, தண்ணீர் என்று நினைத்துக்கொண்டது. சென்னியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருசமாய்ப் பழைய மெஷின் வாங்கி விற்கிற ஆள் அவர். லேத்தோ மோட்டாரோ, ஓடாமல் மூலையில் கிடக்கிற எதுவும் அவர் கைக்கு வந்துதான் இன்னொரு பட்டறைக்குப் போகும். தேய்ந்துபோன லேத்துக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, கிரீஸ் தடவி, நேற்று வந்த மெஷின் போல நிறுத்தி வைப்பவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பார். பெயிண்டைப் பார்க்கவே மாட்டார். மெஷினைத் தாங்குகிற இரும்புப் பெட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவுவார், விரல் சொல்லிவிடும். இந்த மூதேவிக்கு வாலின் நுனியில் ஒரு விரல் அளவு புத்திகூடவா இல்லை? ஏம்புள்ள, அறிவிருக்குதா, தண்ணி அக்கட்ட இருக்குதுன்னு கையை வீசி விரட்டினார். ஒரு வட்டம் போட்டுவிட்டு அதே பெஞ்சுக்கு வந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெஞ்சின் மேல் விரித்தார். பளபளப்பு போய்விட்டது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் அடுத்த பெஞ்சுக்குப் போய்த் தட்ட ஆரம்பித்தது. பெஞ்சோ வரிசையாய்ப் போகிறது, துண்டு ஒன்றுதான். அப்போதுதான் ஊதல் கேட்டது. முதல் ஊதல். குனிந்து, போனைக் கல்லோடு கல்லாய் வைத்து, அந்த முட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கடுகைவிடச் சின்னது, வெளிர் மஞ்சளாய், வெயிலில் காய்ந்து காய்ந்து கல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் இரண்டாவது ஊதலும் கேட்டது. கேட்டதா? கேட்ட மாதிரி இருந்தது. ரோட்டில் போன ஏதோ வண்டியின் சத்தமாகவும் இருக்கலாம். குளத்தை ஒட்டிய மேம்பாலத்தில்தான் நாள் பூராவும் எவனாவது ஒருத்தன் ஊதிக்கொண்டே போகிறானே.

சர்க்கரை ஏறிவிட்டது, நடங்கள் என்று டாக்டர் சொன்னதால் நடக்க வந்தவர். நடக்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. கையை ஆட்டிக்கொண்டு, நிலம் என்ன விலை, மருமகன் என்ன சம்பளம் என்று சத்தமாய்ப் பேசிக்கொண்டு போவார்கள். ஒரு நாள் அவர்களிடமிருந்து தப்பித்துக் கரையோரமாய் இறங்கியபோதுதான், ஒரு காய்ந்த குச்சியின் நுனியில் உட்கார்ந்திருந்த ஆரஞ்சு நிறத் தட்டானைப் பார்த்தார். பக்கத்தில் எது பறந்தாலும் சீறிக்கொண்டு போய் விரட்டிவிட்டு அதே குச்சிக்கே திரும்பி வந்து உட்கார்ந்தது. ஏரியாவுக்குள் இன்னொரு புரோக்கர் நுழைந்துவிட்டால் தான் எப்படிச் சீறுவோமோ அதே சீறல். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குக் கமிஷன்காரன் என்று பேர் வைத்தார். அப்புறம் பேர் வைப்பது வழக்கமாகிவிட்டது. சாக்கடை வந்து விழுகிற இடத்தில் நீல நிறத்தில் நூல் போல இருக்கும் ஊசித்தட்டானுக்கு டெய்லர். கறுப்புப் பட்டை போட்ட றெக்கையோடு ஆடி ஆடிப் பறப்பதற்கு மாப்பிள்ளை. கமிஷன்காரனைத் துரத்திப் போய்ப் படம் எடுக்க முடியாது, அது வந்து உட்காருகிற குச்சிக்கு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பேரத்திலும் அப்படித்தான், முதலில் விலை சொல்கிறவன் தோற்றான். ஆனால் இந்தத் தட்டான்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் நேரம் ஒத்துவராது. இவர்கள் விடியுமுன்னே வந்து வெயில் ஏறுவதற்குள் போய்விடுவார்கள், அவை வெயில் ஏறி உடம்பு சூடானால்தான் றெக்கையையே பிரிக்கும். கேட்டுப் பூட்டும் நேரத்தை வைத்தவன் ஒரு நாளாவது தட்டானைப் பார்த்திருப்பானா? பார்த்திருந்தால் சென்னியப்பன் இப்போது இந்தக் கம்பிக்கு உள்ளே நின்றுகொண்டிருக்க மாட்டார், பஸ் ஸ்டாப்பில் சுலோச்சனாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார், ஆட்டோவுக்குக் காசு எதுக்கு, பஸ்ஸிலேயே போலாமுங்க என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பாள், இவர் முறைத்துக்கொண்டிருப்பார்.

ரோட்டில் யாராவது போனால் கத்திப் பார்த்தார். ஹெல்மெட் மாட்டியவனுக்குக் காது கேட்கவில்லை. மீன் கூடையோடு போன அம்மா நின்று, உற்றுப் பார்த்து, "நாலு மணிக்குத் தொறப்பாங்க சாமி, நெழல்ல போயி உக்காருங்க" என்று நல்ல மனசோடு சொல்லிவிட்டுப் போனாள். ஒரு காலேஜ் பையன் மட்டும் வண்டியை ஓரங்கட்டி வந்தான். நம்பர் சொல்லுங்க அங்கிள், போட்டுத் தர்றேன் என்றான். சென்னியப்பன் வாயைத் திறந்தார். நம்பர் வரவில்லை. எந்தப் பட்டறையில் எந்த மோட்டார் என்ன நம்பர் என்று தகடைப் பார்க்காமல் சொல்கிற ஆளுக்குப் பெண்டாட்டியின் போன் நம்பர் வரவில்லை. போனில் அவள் பேர்கூடக் கிடையாது, 'வீடு' என்றுதான் இருக்கும். வீட்டை அமுக்கினால் அவள் பேசுவாள். ஒன்பது நாலு நாலு என்று ஆரம்பித்து, நடுவில் ஒரு ஏழு வரும் என்று நிறுத்தி, கடைசியில் முப்பத்தாறா அறுபத்து மூன்றா என்று தடுமாறி, முப்பத்தாறு போடு கண்ணு என்றார். எடுத்தது ஒரு ஆண் குரல், பாலக்காட்டுப் பக்கம் போல இருந்தது, அறுபத்து மூன்றுக்கு யாரும் எடுக்கவே இல்லை. பையன் போர்டில் எழுதியிருந்த குளத்து ஆபீஸ் நம்பருக்கும் அடித்துப் பார்த்தான். அந்த எண் உபயோகத்தில் இல்லையாம். டைம் ஆச்சு அங்கிள் என்று கிளம்பிவிட்டான். முப்பத்தாறு, அறுபத்து மூன்று. அறுபத்து மூன்று, முப்பத்தாறு. இதையே சொல்லிக்கொண்டு கரை நெடுக நடந்து அந்தக் கோடி கேட்டுக்குப் போனார், அதுவும் பூட்டு. அதையும் நீதானே பூட்டினே. வேலியில் ஏறிக் குதிக்கலாம் என்றால் முழங்காலுக்குள் பிளேட்டு வைத்திருக்கிறது, மேலே வேல்முனை. திரும்பி நடந்தார். வெயில் மண்டைக்குள் இறங்கியது. சாக்கடை வாயில் டெய்லர்கள் இரண்டு சேர்ந்திருந்தன. ஆண் தன் வால்நுனியால் பெட்டையின் கழுத்தைக் கவ்விப் பிடித்திருந்தது, பெட்டை கொஞ்சம் கொஞ்சமாய்த் தண்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது, தண்ணீருக்குள்ளேயேதான் அது முட்டை வைக்கும். ஆணின் வயிறு வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. அது விடவில்லை. விட்டால்? பெட்டை பாட்டுக்குத் தனியாய் இறங்கிப் போய்விடும். போனைத் தூக்கினார், செத்த போன் என்று ஞாபகம் வந்து கீழே இறக்கினார்.

அவள் முதலில் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏனுங்க, இங்க ஒரு கட்டியாட்டம் தட்டுப்படுதுங்க, நெல்லிக்காய் அத்தனை இருக்கும் என்றாள். நெல்லிக்காயெல்லாம் இருக்காது, சுண்டைக்காய் இருக்கும் என்றார் இவர். யாராவது ஒரு அளவு சொன்னால் குறைத்துக் கேட்டே பழகிய வாய். கை கழுவிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார். லேத்தின் அடியில் தேய்மானத்தைக் கண்டுபிடிக்கிற விரல். நெல்லிக்காய்தான். சுண்டைக்காய்தான் புள்ள, நான் சொல்லல? என்றார். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா ரெண்டரை சென்டிமீட்டர் என்றபோது, அம்மிணி, மிஷின்ல கொஞ்சம் கூடக்கொறைய காட்டுமல்ல, ரெண்டுன்னு வெச்சுக்கலாமா என்று கேட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. சுலோச்சனாதான் சிரித்தாள், அந்தப் படுக்கையில் படுத்துக்கொண்டே, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. ஊசி போடுகிற அன்று உட்காரவைத்துவிட்டார்கள். டோக்கன், காத்திருங்கள், டோக்கன், காத்திருங்கள். எங்களுக்குப் பின்னால வந்தவிய எப்படி முன்னால போறாங்க என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் எகிறினார், செக்யூரிட்டி வந்தான், செக்யூரிட்டியிடமும் எகிறினார், வெளியே போய் ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு. கூப்பிட்டாங்களா? கூப்பிட்டாங்க. வலிச்சுதா? ஆயிப்போச்சுங்க, வாங்க போலாம். அந்த ஆயிப்போச்சுங்க காதிலேயே நிற்கிறது. அந்த ரூமுக்குள் பேரைக் கூப்பிட்டபோது அவள் எழுந்து, பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருப்பாள் அல்லவா. காலி நாற்காலியைப் பார்த்திருப்பாள். ரிசல்ட்டு அன்னிக்கு நான் நகரமாட்டேன், உன்ற பக்கத்துலயே உக்காந்திருப்பேன் என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, சரிங்க என்றாள்.

ஊதல் கேட்டது. இரண்டும் கேட்டது. மேம்பாலமும் இல்லை, வண்டியும் இல்லை. கேட்டபோது மனசுக்குள் ஒன்று, இன்னும் ஒரே ஒரு படம், இன்னும் ஒரே ஒரு படம் என்றது. அந்தக் குரலை அவருக்குத் தெரியும், வாங்க வந்தவனைப் போகவிடாமல் இழுத்து உட்காரவைக்கிற தன் குரலேதான் அது. ஆனால் அதற்காகப் பூட்டுவதா? ஒருத்தன் பயந்துகொண்டு கொஞ்சம் குனிந்து உட்கார்ந்தால், அதுதான் சமயமென்று வந்து பூட்டிவிடுவதா? சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். பத்தரை இருக்கும். இருக்காது, பத்தேகாலாக இருக்கும். பத்தேகால் என்றே வைத்துக்கொண்டார். பெஞ்சின் மேல் விரித்த துண்டு இன்னும் அங்கேயே கிடந்தது. எடுத்து உதறித் தோளில் போட்டார். உதறிய இடத்தில் வானம் மறுபடி வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டையும் எங்கிருந்தோ திரும்பி வந்து, தட்டு, எழும்பு, தட்டு. போ, போய்த் தொலை, எனக்கென்ன வந்துச்சு என்றார். தனக்கே அசிங்கமாய் இருந்தது.

ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டுத் திரும்பினார். மஞ்சப்பைதான் முதலில் இறங்கியது, அப்புறம் சுலோச்சனா. கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, பூட்டைப் பார்த்தாள், சங்கிலியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இங்கதான் இருப்பீங்கன்னு நெனைச்சேன்" என்றாள். "பூட்டிட்டான் புள்ள." "எவன்?" "எவனோ ஊதல்காரன். புதுசா வந்திருக்கறான்." "இத்தாப் பெரிய ஆளு அவன் கண்ணுக்குத் தெரியலையாமா?" "பெஞ்சுகிட்ட குனிஞ்சிருந்தேன்." "தட்டானா?" "தட்டான்தான்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா வேறா என்று தெரியவில்லை. ஆட்டோக்காரன் தலையை வெளியே நீட்டி, "அம்மா, நின்னா வெயிட்டிங் ஆகுமுங்க" என்றான். சென்னியப்பனுக்கு ரத்தம் ஏறியது. "எவ்வளவு கேட்டான்?" "முன்னூறு." "முன்னூறா! டேய், இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு முன்னூறாடா? நூத்தியெம்பது வாங்கிக்க." "பெரியவரே, நீங்க மொதல்ல வெளிய வாங்க, அப்பறம் பேரம் பேசிக்கலாம்" என்றான் அவன். சுலோச்சனா இப்போது நிஜமாகவே சிரித்துவிட்டாள். சிரித்து முடித்த கையோடு, சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கும்போதே, "ஊதல் கேக்கலையா உங்களுக்கு?" என்றாள். பொய் அவருக்குத் தொழில். ஓடாத மோட்டாரை நேத்து வரைக்கும் ஓடுச்சுங்க என்று கண்ணைச் சிமிட்டாமல் சொல்கிற வாய். அந்த வாய், "கேட்டுது" என்றது. அவள் ம் என்றாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். திட்டினால் திருப்பித் திட்டலாம், அதில் கொஞ்சம் நேரம் போகும்.

"கையைக் குடு" என்றார். தோளில் கிடந்த துண்டைத் தன் கையின் மேல் போட்டுக் கம்பிக்கு வெளியே நீட்டினார். சின்ன வயசில் மாட்டுச் சந்தையில் தரகருக்குக் கயிறு பிடித்து வளர்ந்தவர். அங்கே விலையை வாயால் சொல்வது கிடையாது. துண்டுக்குள்ளே கையைப் பிடித்து, விரலை அமுக்கித்தான் சொல்ல வேண்டும், ஊருக்குத் தெரியாது, பிடித்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒரு விரல் ஒன்று, இரண்டு விரல் இரண்டு, மொத்தக் கையையும் பிடித்தால் ஐந்து. இன்றைக்கும் அவருடைய பெரிய பேரமெல்லாம் துண்டுக்குள்தான் முடியும். "இதென்னங்க, சந்தையா?" என்றாள். என்றாலும் பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கையை விட்டாள். எவ்வளவு பயமா இருக்குது புள்ள என்று கேட்கத்தான் நினைத்தார். வாயில் வராததை விரலில் கேட்டுவிடலாம் என்று அவள் சுண்டுவிரலைப் பிடித்து அமுக்கினார், இவ்வளவா? அவளுக்கு அந்தப் பாஷை தெரியாது. அவர் விலையைக் கண்டுகொள்ளாமல் மொத்தக் கையையும் வளைத்துப் பிடித்தாள். எந்தச் சந்தையிலும் எவனும் அப்படி இறுக்கிப் பிடித்தது கிடையாது. எலும்பு வலித்தது. இந்த வெயிலிலும் விரலெல்லாம் சில்லென்று இருந்தது. கம்பி நடுவில் இருந்தது. "நீங்க இருந்தாத் தேவலைன்னுதான் வந்தேன்" என்றாள், துண்டைப் பார்த்துக்கொண்டு. அப்புறம் கையை உருவிக்கொண்டாள். "டாக்டரம்மா பன்னெண்டுக்கு மேல இருக்கமாட்டாங்களாமா. போகட்டுங்களா?" போகாதே என்று சொல்ல வாய் வந்தது. நாலு மணிக்கு மேல சேர்ந்து போலாம், நாளைக்குப் போலாம், அடுத்த வாரம் போலாம், எத்தனை தவணை வேண்டுமானாலும் அவரால் கேட்க முடியும். "போ" என்றார். "முன்னூறே குடுத்துரு." ஆட்டோ திரும்பி, மேம்பாலத்துக்கு அடியில் நுழைந்து, மற்ற வண்டிகளோடு கலந்து போய்விட்டது. நீட்டிய கையை அவர் உள்ளே இழுக்கவில்லை. துண்டு அதன் மேல் அப்படியே தொங்கியது. பின்னால், கல்லின் மேல், தட்டு, எழும்பு, தட்டு.

டேய். உன்னத்தான். பூட்டினவனே. எங்க உக்காந்திருந்தாலும் எந்திரிச்சு வா. முப்பது வருசத்துல எவன் சொன்ன விலையையும் நான் அப்படியே ஒத்துக்கிட்டது கெடையாது, நெல்லிக்காயைச் சுண்டைக்காய்னு சொன்னவன் நான், ரெண்டரையை ரெண்டுன்னு வெச்சுக்கலாமான்னு கேட்டவன். இன்னிக்குக் கொறைக்கமாட்டேன். இந்தா, கையை நீட்டிட்டேன், துண்டும் போட்டுட்டேன், ஒருத்தனுக்கும் தெரியாது. உள்ள உன்ற கையை விடு. ஒரு விரலைப் புடிக்கறயோ, அஞ்சையும் புடிக்கறயோ, மணிக்கட்டோட கேக்கறயோ, நீ சொல்றதுதான் விலை. ஆனா இப்ப வா. நாலு மணிக்கு நீ தொறந்தா எனக்கென்ன, தொறக்காட்டி என்ன. அங்க அந்த ரூமு வாசல்ல அவ பேரைக் கூப்பிடுவாங்க, அவ எந்திரிச்சுத் திரும்பிப் பாப்பா, அதுக்குள்ள வா. நீ பூட்டினதை நீதான் தொறக்கோணும். வந்து தொற.